உன் மம்மி இரண்டாம் செமஸ்டர் படிக்கிறாள்

அன்பு ரெக்ஸ்,

இதை நீ இன்ஜின் அறையிலிருந்து ஏறி வந்து, குளித்து, சாப்பிட்டு, கட்டிலில் காலை நீட்டிய பிறகு படி. வேலைக்கு நடுவில் படிக்காதே. போனில் பேசினால் நீ பாதியிலேயே "சரி மம்மி, வைக்கேன்" என்று சொல்லிவிடுகிறாய். போன தடவை அதையும் சொல்லவில்லை. "என்னமோ செய்யுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். கையால் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன். கப்பல் அடுத்த துறைமுகத்தைத் தொட்டு, உனக்கு நெட் கிடைக்கும்போது வந்து சேரட்டும். கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. இந்த இரண்டு மாதமாக நான் இருக்கிற மாதிரி சந்தோஷமாக எப்போது இருந்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன், சட்டென்று ஞாபகம் வரவில்லை. அதை உனக்குச் சொல்லத்தான் இத்தனை பக்கமும்.

கிறிஸ்துமஸ் கழிந்த கையோடு இரண்டு செய்தி ஒன்றாக வந்தது உனக்குத் தெரியும். ஈஸ்டர் முடிந்ததும் உன் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று வேம்பாரிலிருந்து ஷெரின் வீட்டார் சொல்லி அனுப்பினார்கள். அதே வாரம் என் முதல் செமஸ்டர் ரிசல்ட்டும் வந்தது. எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டேன், புள்ளியியலில் மட்டும் அரியர். நீ போனில் முதலில் சிரித்தாய். பிறகு, "மம்மி, இந்த செமஸ்டரை விட்டுருங்க. கல்யாணம் முடியட்டும், அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்" என்றாய். அக்கறையில் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். மண்டபம், பந்தல், சாப்பாடு, சேலை, கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்பது என்று எவ்வளவோ வேலை. ஒரே மகனின் கல்யாணம். ஐம்பது வயசைத் தாண்டிய ஒருத்தி, பிள்ளை வயசுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து கடல்வாழ் உயிரியல் படிப்பதை ஒரு வருடம் தள்ளிப்போட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? நானும் அப்படித்தான் நினைத்தேன். சரி என்று உன்னிடம் சொல்லவும் செய்தேன்.

நான் இந்தப் படிப்பில் சேர்ந்த கதையை உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. நீ முதன்முதலாகக் கப்பல் ஏறிய வருடம் வீடு ரொம்பப் பெரிதாகிவிட்டது. டாடிக்கு இழுவைப் படகில் ஷிப்ட். பெரிய கப்பல் வந்தால் எந்த நேரமானாலும் கூப்பிடுவார்கள், போய்விடுவார். நான் சாயங்காலம் டியூஷன் பிள்ளைகளுக்கு ஏழாம் வகுப்பு அறிவியல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஒரு சின்னப் பிள்ளை, "மிஸ், கடல் அட்டைக்குக் கண்ணு உண்டுமா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. விலங்கியலில் பட்டம் வாங்கியவள், இந்தக் கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்தவள், அதற்குப் பதில் தெரியவில்லை. அது உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த வருடமே முதுகலைக்கு விண்ணப்பம் போட்டேன். சேரப் போன அன்று கல்லூரி அலுவலகத்தில் இருந்த பெண் என் சான்றிதழ்களை வாங்கிக்கொண்டு, "பொண்ணு எங்கம்மா? பொண்ணை வரச் சொல்லுங்க" என்றாள். "பொண்ணு நான்தான்" என்றேன். அவள் என்னையும் சான்றிதழையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எழுந்து ஒரு நாற்காலியைப் போட்டாள். அன்றைக்குக் கிடைத்த மரியாதை அதுதான். அடுத்த நாள் வகுப்பில் அதெல்லாம் கிடையாது, எல்லாருக்கும் கிடைத்த திட்டு எனக்கும் கிடைத்தது.

இந்த செமஸ்டர் தொடங்கிய முதல் நாள், படிப்பை நிறுத்திக்கொள்கிறேன் என்று துறைத் தலைவரிடம் நேரில் சொல்லிவிட்டு வரத்தான் போனேன். பை எடுக்கவில்லை, டிபன் பாக்ஸ் எடுக்கவில்லை. மதியத்துக்குள் வீட்டுக்குத் திரும்பி, சேலைக் கடைக்குப் போவதாக உன் அத்தையிடம் சொல்லியிருந்தேன். மழை விட்ட காலம், கல்லூரி மைதானம் முழுக்கப் பச்சையாக இருந்தது. புது செமஸ்டர் என்றாலே பிள்ளைகளுக்கு ஒரு களை வந்துவிடுகிறது. முதல் செமஸ்டரில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தவர்கள், இப்போது வராந்தாவில் கூட்டமாக நின்று ரிசல்ட்டைப் பேசிச் சிரிக்கிறார்கள். "ஆன்ட்டி, ஸ்டாட்ஸ் ஊத்திக்கிச்சா? எங்களுக்கும்தான்" என்று ஒரு பையன் கையை நீட்டினான். நானும் கை கொடுத்தேன். தோற்றதற்குக் கை குலுக்கியது அன்றைக்குத்தான்.

அங்கே எனக்காக ஒரு பெண் காத்துக்கொண்டிருந்தாள். முத்துச்செல்வி. சாத்தான்குளத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். அப்பாவுக்கு அங்கே பலசரக்குக் கடை. முதல் செமஸ்டரில் என் பக்கத்தில் உட்கார்ந்தாளே தவிர அதிகம் பேசமாட்டாள். அன்றைக்கு ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். இந்த செமஸ்டரில் தீவுக்குக் களப்பயணம் உண்டு, ஒரு ராத்திரி வெளியே தங்க வேண்டும். அவளுடைய அப்பா முடியவே முடியாது என்றிருக்கிறார். அவளுடைய அக்காவை டிகிரியோடு நிறுத்திக் கல்யாணம் செய்து கொடுத்துவிட்டார்கள். இவளையும் நிறுத்துவதற்கு ஒரு காரணம் கிடைத்தால் போதும் என்று இருக்கிறார்களாம். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஒங்க பேரைத்தான் சொன்னேன் ஆன்ட்டி. எங்க வகுப்புல ஒரு அம்மா படிக்காக, அவுகளும் வாராகன்னு. அப்பா கல்லாப் பெட்டிய மூடினாக. பெறகு, அந்த அம்மா வாராகன்னா போயிட்டு வான்னு சொல்லிட்டாக." இன்னும் இரண்டு பெண்களின் வீட்டிலும் என் பேரைச் சொல்லித்தான் சம்மதம் வாங்கியிருக்கிறார்கள்.

அவள் கையை விடுவித்துக்கொண்டு துறைத் தலைவர் அறைக்குள் போனேன். அவருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். நிமிர்ந்து பார்த்து, என்ன விஷயம் என்று கேட்டார். வீட்டிலிருந்து பஸ்ஸில் வரும்போது மனப்பாடம் செய்து வந்த வார்த்தை எல்லாம் தொண்டையில் இருந்தது. "களப்பயணத்துக்குப் பேர் குடுக்க வந்தேன் மேடம்" என்றேன். நானே அதைச் சொல்லப்போகிறேன் என்று சொல்லும்வரை எனக்குத் தெரியாது. வெளியே வந்து முத்துச்செல்வியிடம் ஒரு பேனாவும் நாலு தாளும் கடன் வாங்கி, முதல் வகுப்பில் உட்கார்ந்தேன். மதியம் அவளுடைய புளிச்சோற்றில் பாதியைச் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து டாடியிடம் சொல்லத்தான் பயம். உனக்கு வாக்குக் கொடுத்தாயிற்று, இப்போது மாற்றிப் பேசுகிறேனே என்று. அவர் பின்கட்டில் ஊளி மீன் செதில் எடுத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். கத்தியைக் கழுவி வைத்தார். "படிப்பை விடுதேன்னு நீதான் சொன்ன. நான் ஒண்ணும் சொல்லலியே. கல்யாண வேலைய நான் பாக்குதேன். கப்பலையே கட்டி இழுத்துக் கொண்டாந்து நிறுத்துதேன், ஒரு கல்யாணத்த நிறுத்த மாட்டேனா?" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே அர்த்தம் உறைத்தது. கல்யாணத்தை நிறுத்துவது என்றால் வேறல்லவா. நாங்கள் இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து, அந்த மீனைப் பூனை தூக்கிப் போனதைக்கூடக் கவனிக்கவில்லை.

உனக்கு ஞாபகம் இருக்கும். நீயும் உன் முதல் செமஸ்டரில் ஒரு பாடத்தில் தோற்று, பெட்டி படுக்கையோடு வீட்டுக்கு வந்து நின்றாய். இன்ஜின் படிப்பு வேண்டாம், ஊரிலேயே ஏதாவது கடை வைக்கிறேன் என்றாய். லீவு முழுக்க மாடி அறையை விட்டு இறங்கவில்லை. டாடி உன்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, புத்தியும் சொல்லவில்லை. நீ திரும்பிப் போக வேண்டிய ரயிலுக்கு முந்தின நாள் உன் சீருடையை எடுத்து அவரே துவைத்துப் போட்டார், அவ்வளவுதான். மறுநாள் காலையில் நீயே அதை இஸ்திரி போட்டுக்கொண்டு நின்றாய். போன மாதம் கல்லூரிக்குப் புறப்படும்போது பார்க்கிறேன், என் செருப்பு வார் அறுந்திருந்ததை அவர் தைக்கக் கொடுத்து வாங்கி வாசலில் வைத்திருக்கிறார். அவருடைய பேச்சு எப்போதும் இப்படித்தான். நீயும் பாதி அவர் மாதிரிதான். கோபம் மட்டும் என்னுடையது.

இப்போது உன் கோபத்துக்கு வருகிறேன். கல்யாணத் தேதியை நான் தள்ளி வைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். நடந்தது இதுதான். ஷெரினும் அவள் அம்மாவும் முகூர்த்தச் சேலை பார்க்க நம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பிரிட்ஜ் கதவில் என் பரீட்சை அட்டவணையை ஒட்டியிருந்தேன். தண்ணீர் எடுக்கப் போன ஷெரின் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கல்யாணத்துக்கு முந்தின நாள் ஒரு பரீட்சை, மறுநாள் ஒரு பரீட்சை. "மாமி, இது எப்படி எழுதுவிய?" என்று கேட்டாள். எழுதிவிடுவேன், இல்லாவிட்டால் அடுத்த தடவை எழுதுகிறேன் என்றேன். அவள் கூடத்துக்கு வந்து, தன் அம்மாவின் முன்னாலேயே, கல்யாணத்தை மே கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம் என்றாள். அவருக்குத்தான் நாலு மாசம் லீவு இருக்கிறதே என்றாள்.

அவள் அம்மாவின் முகம் மாறிவிட்டது. மாமியார் படிப்புக்காக மருமகள் கல்யாணம் தள்ளிப்போகிறது என்று ஊரில் சொன்னால் நன்றாகவா இருக்கும் என்று கேட்டார்கள். எனக்கு அப்படியே தரையைப் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. வேண்டவே வேண்டாம் என்று நான் எழுந்துவிட்டேன். ஷெரின் என்னை உட்காரச் சொன்னாள். பிறகு தன் அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்: "எனக்கும் நர்சிங்ல மேல படிக்கணும்னு ஆசை இருக்கும்மா. இன்னைக்கு மாமிக்கு ஒரு மாசம் தள்ளி வைக்க முடியலன்னா, நாளைக்கு எனக்கு யாரு தள்ளி வைப்பா?"

அவள் அம்மா மடியில் கிடந்த சேலையை மடித்து வைத்துவிட்டு, "மே மாசம் மாதா வணக்க மாசந்தானே, நல்லதுதான்" என்றார்கள். அடுத்த வாரம் கோயிலில் பங்குச் சாமியாரிடம் அவர்களே போய்ப் பேசித் தேதி வாங்கினார்கள். உன்னிடம் தானே பேசிக்கொள்வதாக ஷெரின் சொல்லியிருந்தாள். உன் கப்பலுக்கு லைன் கிடைப்பதற்குள் உன் அத்தை குடும்பக் குரூப்பில் புதுத் தேதியைப் போட்டு, மலர்க்கொத்துப் படமும் போட்டுவிட்டாள். கல்யாண மாப்பிள்ளைக்குத் தேதி அப்படித் தெரிய வந்தது சரியில்லைதான். அந்த வருத்தம் உனக்கு இருப்பது நியாயம். ஆனால் அந்த வருத்தத்தை ஷெரினிடம் காட்டாதே. நான் உனக்குப் பெண் பார்க்கப் போனபோது அவள் நிறத்தையும் குணத்தையும் பார்த்தேன், குடும்பத்தைப் பார்த்தேன். அவள் யார் என்று அந்தச் சேலைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த அன்றைக்குத்தான் பார்த்தேன். நீ கொடுத்து வைத்தவன்.

களப்பயணம் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. பிப்ரவரியில் போனோம். பஸ் ஸ்டாண்டில் முத்துச்செல்வியின் அப்பா அவளைக் கொண்டுவந்து விட்டார். வெள்ளை வேட்டி கட்டிய அண்ணாச்சி, நெற்றியில் திருநீறு. என்னிடம் நேராகப் பேசக் கூச்சப்பட்டு, ஒரு பை நிறைய முறுக்கும் கருப்பட்டி மிட்டாயும் நீட்டினார். "பிள்ளைய ஒங்ககிட்ட விடுதேம்மா" என்று மட்டும் சொன்னார். பஸ் தெருமுனை திரும்பும்வரை அங்கேயே நின்றார். அன்று ராத்திரி கரையோரத்தில் ஒரு கூடத்தில் எங்களைத் தங்க வைத்தார்கள். மறுநாள் விடிந்ததும் படகு.

உன் தாத்தா சங்கு குளிக்கப் போனவர் என்று உனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் ஆண்கள் எல்லாரும் கடலில். பெண்கள் யாரும் படகில் கால் வைத்ததில்லை. வைக்கக்கூடாது என்று யாரும் அதட்டியது கிடையாது, வைப்போம் என்று யாரும் நினைத்தது கிடையாது, அவ்வளவுதான். சின்ன வயசில் அப்பா கண் சிவந்து கரைக்கு வரும்போது, அடியில் என்னப்பா இருக்கும் என்று கேட்பேன். மணல் இருக்கும் என்பார். அதற்குமேல் சொல்ல அவருக்குத் தெம்பு இருக்காது. கரையில் குவித்த சங்கையும், கழுவிக் காயவைத்த சங்கையும், மூட்டை கட்டிய சங்கையும் நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

தீவுக்குப் பக்கத்தில் நெஞ்சளவு ஆழம். சுடிதார், மேலே மிதவைச் சட்டை, முகத்தில் கண்ணாடி. என்னைப் பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்திருக்கும். கடல்புல் வளர்ந்திருக்கும் இடத்தில் குழாயில் செய்த ஒரு சதுரச் சட்டத்தைப் போட்டு, அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று எண்ணி எழுத வேண்டும். முதலில் உப்புத் தண்ணீரைக் குடித்தேன், இருமினேன், போதும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். முத்துச்செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் ஊரில் குளம்கூட வற்றிக் கிடக்கும், அவளுக்கும் நீச்சல் தெரியாது. இரண்டு பேரும் ஒன்றாக முகத்தைத் தண்ணீரில் வைத்தோம். அன்றைக்குக் கடல் தெளிந்து கிடந்தது. புல் முழுக்க ஒரே பக்கமாக அசைந்தது. அதற்கிடையில் மணலில் ஒரு சங்கு நடந்து போய்க்கொண்டிருந்தது. வெள்ளையாக இல்லை, பழுப்புத் தோல் போர்த்தியிருந்தது. அடியிலிருந்து அகலமான சதைக் கால் ஒன்று நீண்டு, மணலைத் தடவித் தடவி, தன் வீட்டை மெதுவாக இழுத்துக்கொண்டு போனது. எனக்கு ஐம்பத்திரண்டு வயது ரெக்ஸ். சங்கு நடக்கும் என்பது புத்தகத்தில் தெரியும். நடந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். கண்ணாடிக்குள் அழுதால் கண்ணீர் போக வழி கிடையாது, அதையும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். தலையைத் தூக்கி, எங்கள் பேராசிரியரிடம் "சங்கு ஒன்று, உயிரோடு" என்று சத்தமாகச் சொன்னேன். அவர் அதைப் பலகையில் குறித்துக்கொண்டார்.

திரும்பி வந்த அன்று அண்ணாச்சி அதே இடத்தில் நின்றார். முத்துச்செல்வி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் இறங்காததுமாக, நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தாள். அவர் அவளைப் பார்க்காமல் என்னையே பார்த்தார். "வீட்ல இவ இவ்வளவு பேசி நான் கேட்டதில்லம்மா" என்றார். அடுத்த வருடமும் அவள் வருவாள் என்று எனக்குத் தோன்றுகிறது. கேட்கவில்லை. கேட்டால் கண் படும்.

புள்ளியியல் எப்படிப் போகிறது என்று கேட்பாய். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முத்துச்செல்வி எனக்கு அதைச் சொல்லித் தருகிறாள், நான் அவளுக்கு ரெக்கார்டு படங்கள் வரையச் சொல்லித் தருகிறேன். சராசரி எனக்கு நன்றாக வருகிறது. அதற்கு அப்புறம் வருவதெல்லாம் இன்னும் இருட்டுதான். இந்தத் தடவையும் தோற்கலாம். தோற்றால் அடுத்த தடவை எழுதுவேன். என்ன அவசரம்? நான் வேலைக்குப் போவதற்காகப் படிக்கவில்லை. கடல் அட்டைக்குக் கண் கிடையாது, ஆனால் வெளிச்சம் படுவது அதன் தோலுக்குத் தெரியும் என்று அந்தச் சின்னப் பிள்ளையிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவளுக்கு அந்தக் கேள்வியே மறந்துபோயிருந்தது.

கல்யாணம் பண்ணப் போகிறவனுக்குத் தாய் நாலு வார்த்தை சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். நீயும் ஷெரினும் வருடத்தில் பாதி நாள் ஒரே வீட்டில் இருக்க மாட்டீர்கள். நீ லீவில் வரும்போதெல்லாம் அவள் உனக்காக எல்லாவற்றையும் நிறுத்தி வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்று நினைக்காதே. நான் அப்படி இருந்தேன், அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை, அது என் விருப்பம். அவளுடைய விருப்பத்தை அவளிடம் கேள். அவள் ஏதாவது சொல்லும்போது உடனே பதில் சொல்லாதே, டாடி மாதிரி கத்தியைக் கழுவி வைக்கிற நேரமாவது எடுத்துக்கொள். அவள் படிக்கப் போகும் நாளில் சமைக்கத் தெரியாமல் நிற்காதே. டாடி இப்போது மீன் குழம்பு வைக்கிறார். புளி கூடிப்போகிறது, ஆனால் வைக்கிறார். கல்யாணப் பத்திரிகையை அவர்தான் சரி பார்த்தார். உன் பேருக்கு நடுவில் இருக்கிற 'க்' என்ற எழுத்தைக் காணவில்லை. திருத்தி மறுபடி அடிக்கச் சொல்லியிருக்கிறது.

மார்ச் கடைசியில் நீ வாகைக்குளம் ஏர்போர்ட்டில் வந்து இறங்கும் அன்று எனக்கு வகுப்பு இருக்கிறது, லீவு போட முடியாது. டாடிக்குக் காலை ஷிப்ட். வீடு பூட்டியிருக்கும். இதுவரை நீ வரும்போது வாசலில் ஆள் இல்லாமல் இருந்ததில்லை, அதனால் முன்கூட்டியே சொல்கிறேன். எதிர்வீட்டு மெர்சியிடம் சாவி இருக்கும். குழம்பு பிரிட்ஜில் இருக்கும், சூடு பண்ணிச் சாப்பிடு, கொஞ்ச நேரம் தூங்கு. பிறகு டாடியின் பைக்கை எடுத்துக்கொண்டு, கல்லூரி விடுகிற நேரத்துக்கு வாசலுக்கு வந்து நில். நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு வா. என் வகுப்புப் பிள்ளைகளிடம் உன்னைக் காட்ட வேண்டும்.

முத்தங்களுடன்,
மம்மி